அயர்லாந்தும் மலையகமும் – ஓர் ஒப்புநோக்கு

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்பது நம் நாட்டில் ஓர் உபசாரம். பேருந்தில் பக்கத்தில் அமர்ந்தவரும் கேட்பார். பெண் பார்க்க வந்தவரும் கேட்பார். கேட்கப்பட்டவர் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். எங்கள் வீட்டில் மட்டும் இது எளிய கேள்வியாக இருந்ததில்லை.

இக்கல்லூரியில் சேரும்முன் சாதிச் சான்று வாங்க நான் அலைந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் நான் என்பதால் எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று சொல்லித்தர வீட்டில் எவரும் இல்லை. ஓர் அலுவலகத்தில், "உன் தாத்தாவுக்குச் சொந்த ஊர் எது? அதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்டார்கள். விழித்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்து, மடிப்புகளில் கிழிந்து பழுப்பேறிய ஓர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். 1978ஆம் ஆண்டு மண்டபம் முகாமில் கொடுக்கப்பட்ட, 'தாயகம் திரும்பியோர்' குடும்ப அட்டை அது. அந்த அட்டை செல்லுமா செல்லாதா என்று மூன்று மேசைகளில் பேசினார்கள். நான்காவது நடையில் சான்று கிடைத்தது. ஆனால், நாம் யார் என்பதை ஒரு தாள் சொன்னால்தான் உண்டா என்ற கேள்வி மட்டும் என்னை விட்டு அகலவில்லை.

தாவரவியல் மாணவனுக்கு வரலாற்றில் என்ன வேலை என்று பேராசிரியர்கள் கேட்கலாம். என்னை வரலாற்றுக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றதே தாவர நோயியல் பாடந்தான். அதை முதலில் கூறுகிறேன்.

இரண்டு நோய்கள்

உருளைக்கிழங்கின் பின்பருவ வாட்டல் நோய்க்குக் காரணம் ஃபைட்டாப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். முன்னாளில் இதைப் பூஞ்சை என்றனர். இன்றைய வகைப்பாட்டில் இது ஊமைசீட்டுகள் என்னும் தனிப் பிரிவைச் சேர்ந்தது. காப்பியின் இலைத்துரு நோய்க்குக் காரணம் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சை. இரண்டையும் தேர்வுக்காக நாம் படம் வரைந்து பாகம் குறிக்கிறோம். இவ்விரண்டின் வரலாற்றிலும் ஒரே மனிதரின் பெயர் வருவதைக் கண்டு வியந்தேன். அவர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். உருளைக்கிழங்கு அழுகுவதற்கு நுண்ணிய உயிரியே காரணம் என்று 1846இல் வாதிட்டவர் அவர். இலங்கையிலிருந்து வந்த காப்பி இலையை ஆராய்ந்து, புரூமுடன் சேர்ந்து, 1869இல் அந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டவரும் அவரே.

முதல் நோய் அயர்லாந்தில் 1845இல் இறங்கியது. நிலமெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்து ஆட்சியோடு ஒட்டிய பெருநிலக்கிழார்களிடம் இருக்க, ஏழைக் குடியானவன் துண்டு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கை மட்டுமே நம்பியிருந்தான். அது அழுகியதும் அவன் அடுப்பு அணைந்தது. மக்கள் பட்டினி கிடக்கும்போதே அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் கப்பலேறினர். 1841இல் 81 இலட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 1851இல் 65 இலட்சமாகச் சுருங்கியது. அத்தீவு முழுவதையும் சேர்த்தாலும் 1841ஆம் ஆண்டின் தொகையை அது இன்றுவரை எட்டவில்லை.

இரண்டாவது நோய் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இருபது ஆண்டுகளுக்குள் அழித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். காப்பியை இழந்த துரைமார்கள் தேயிலைக்குத் தாவினர். இங்கே ஒரு தாவரவியல் உண்மையைக் கவனிக்க வேண்டும். காப்பிப் பழம் பருவத்தில்தான் பழுக்கும். ஆகவே தமிழகத்திலிருந்து சென்றவர்கள் பழம் பறித்துக் கூலி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை கிள்ளியாக வேண்டும். ஆகவே தேயிலைக்கு நிலையாகத் தங்கும் ஆள் வேண்டும். பெண்ணும் பிள்ளையுமாகக் குடும்பம் வேண்டும். ஒரு நோய் ஒரு மக்களை வேரோடு பிடுங்கியது. மற்றொரு நோய் ஒரு மக்களை அயல்மண்ணில் வேரூன்ற வைத்தது.

கங்காணியும் துண்டும்

இலங்கைக்குச் சென்றவர்கள் திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, இராமநாதபுரம் முதலிய மாவட்டத்தினர். பெரும்பாலோர் நிலமற்றவர்கள், ஒடுக்கப்பட்டவர்கள். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சம் அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கடல் கடத்தியது. மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தவர் பலர். அவர்கள் நினைவாக 2023இல், மலையக மக்களின் 200ஆம் ஆண்டையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக ஒரு நெடும்பயணம் நடத்தப்பட்டது.

அழைத்துச் சென்ற கங்காணி முன்பணம் கொடுத்தான்; அப்பணம் கடனாகி நின்றது. ஒரு தோட்டத்தை விட்டு மறுதோட்டம் போக வேண்டுமானால், ஆளுக்கு இவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். கடனைத் தீர்க்கும் தோட்டத்துக்கு ஆள் கைமாறுவான். இம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. மனிதன் ஒரு காகிதத்துக்குள் அடங்கிய கதை எங்கள் குடும்பத்தில் அன்றே தொடங்கிவிட்டது.

அயர்லாந்துக்காரரும் இங்கிலாந்தில் மலர் தூவி வரவேற்கப்படவில்லை. கால்வாய் வெட்டியும் இருப்புப்பாதை போட்டும் கூலிக்கு உழைத்த அவர்களை ஏளனம் செய்தார்கள். வாடகைக்கு இடம் கொடுக்க மறுத்தார்கள். ஆயினும் இரு கூட்டத்தாருக்கும் இடையே ஒரு வேறுபாடு இருந்தது. அது வெளிப்பட்ட ஆண்டு 1948.

1948ஆம் ஆண்டு

இலங்கை 1948 பிப்ரவரி 4ஆம் நாள் விடுதலை பெற்றது. அதற்கு முன் நடந்த 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, சௌ. தொண்டமான், எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை முதலியோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். வேறு பல தொகுதிகளில் அவர்கள் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. விடுதலை பெற்ற அதே ஆண்டில் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நாட்டவேண்டும் என்றது சட்டம். லயத்தில் பிறந்தவனுக்குப் பிறப்புச் சான்றே அரிது. பாட்டனுக்கு எங்கே போவான்? அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழருக்கென ஒரு பிரதிநிதிகூட இல்லை. இந்தச் சட்டத்தை எதிர்த்தே எஸ். ஜே. வி. செல்வநாயகம் தம் பழைய கட்சியை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சிங்களக் குடியானவரின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தால் கண்டிப் பகுதி மக்களின் காடும் சேனை நிலமும் அரசுடைமையாகி, பின்பு துரைமார்களின் தோட்டங்களாயின. தம் மலையில் தமக்கு இடமின்றிப் போனதே என்ற அவர்களின் குமுறல் நியாயமானது. ஆனால் நிலத்தை எடுத்தவன் துரை. தண்டனை பெற்றவளோ கொழுந்து கிள்ளியவள்!

அதே காலத்தில் அயர்லாந்தில் நடந்ததைப் பார்ப்போம். 1919 முதல் 1921 வரை ஆங்கிலேயரோடு போரிட்டு, நாட்டின் வடபகுதியைப் பிரிவினையில் இழந்து, மீதியைத் தன்னாட்சியாகப் பெற்ற நாடு அது. 1949 ஏப்ரல் 18ஆம் நாள் முழுக் குடியரசாகிக் காமன்வெல்த்தை விட்டும் விலகியது. பகைமைக்குக் குறைவில்லை. ஆயினும் 1949ஆம் ஆண்டின் அயர்லாந்துச் சட்டத்தில் பிரிட்டன், 'அயர்லாந்து அயல்நாடு அன்று' என்று எழுதியது. இங்கிலாந்தில் குடியிருந்த ஐரிஷ்காரர் தங்கலாம், உழைக்கலாம், வாக்களிக்கலாம். அவ்வுரிமை இன்றும் நிற்கிறது. இதில் பெருந்தன்மை மட்டும் இல்லை. பிரிட்டனுக்கு அவர்களின் உழைப்பு தேவைப்பட்டது. அன்றியும், ஐரிஷ் வம்சாவளியினர் நிறைந்த கனடாவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் அவர்களுக்காகப் பரிந்து பேசின. அங்கெல்லாம் குடியேறியவர்கள் வாக்காளர்களாய் இருந்தார்கள். ஆகவே அவர்கள் குரல் கேட்டது. தோட்டத் தொழிலாளியின் உழைப்பும் இலங்கைக்குத் தேவைப்பட்டதுதான். வாக்கைப் பறித்தபின் அவன் குரல் யார் காதில் விழும்?

தலைக்கணக்கு

இழந்த குடியுரிமையைக் கேட்டு ஏறத்தாழ 8 இலட்சம் பேருக்காக மனுக்கள் போடப்பட்டன. கிடைத்தது 1,34,000 அளவினருக்கே. மற்றவர் 'நாடற்றவர்' ஆயினர். இலங்கை அவர்களை இந்தியர் என்றது. பண்டித நேருவின் அரசோ, பரம்பரையாக அங்கே வாழ்பவர்கள் இலங்கையின் பொறுப்பு என்றது. நேரு மறைந்தபின், 1964 அக்டோபர் 30ஆம் நாள், பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். நாடற்றோர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடித்தனர். அந்த மீதியும் 1974இல் ஆளுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் இந்தக் கணக்கு முடிந்தது. தோட்ட மக்களின் பிரதிநிதிகளை எவரும் கலந்துகொள்ளவில்லை.

இக்கணக்கு எவ்வளவு பொய்யானது என்பதை அக்கணக்கே காட்டிக்கொடுத்தது. இரு ஒப்பந்தங்களின்படி 6,00,000 பேர் இந்தியர் ஆகவேண்டும். இந்தியக் குடியுரிமை கேட்டு மனுச் செய்தவர்களோ 5,06,000 பேர்தாம். எஞ்சிய 94,000 பேர் மனுவே போடவில்லை. பிறந்த மண்ணை விட்டு வர அவர்களுக்கு விருப்பமில்லை என்பதைத் தவிர இதற்கு வேறென்ன பொருள்? கடைசியில் 1980களில் அவர்களுக்கு இலங்கையே குடியுரிமை வழங்க ஒப்புக்கொண்டது. நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்கு வந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். முதற்சட்டத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள்!

அப்பாயி பிறந்தது அட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில், அதே 1948இல். "நான் பொறந்த வருசமே எனக்கு நாடு இல்லாமப் போச்சு" என்பார். தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அப்பாயியின் அண்ணன் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்த இருவர் இரு நாட்டவர் ஆனார்கள். 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி. 1977 ஆகஸ்டில் கலவரம். 1978இல் என் தந்தையார் ஆறு வயதுப் பிள்ளையாய் இருக்கையில் தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பெரியவர் துறைமுகம் வரை வந்து வழியனுப்பினாராம். "அண்ணன் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில அவரு தோள்ல கெடந்த துண்டு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு" என்று அப்பாயி இன்றும் சொல்வார். 1984இல் அந்தக் கப்பல் போக்குவரத்தும் நின்றுபோனது. அண்ணனும் தங்கையும் மறுபடி நேரில் சந்திக்கவேயில்லை. சென்ற ஆண்டு என் கைப்பேசித் திரையில்தான் ஒருவரையொருவர் பார்த்து அழுதார்கள்.

இக்கரைக்கு வந்தபின்

சுமார் 1,16,000 குடும்பங்கள் இவ்வாறு தமிழகம் வந்தன. நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்கள், நூற்பாலைகள், தொழில் கடன் என மறுவாழ்வுத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. தேயிலைத் தோட்டத்தில் இடம் கிடைத்தவர்கள் தெரிந்த தொழிலைத் தொடர்ந்தனர். மற்றப் பலருக்குக் கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளிய கைக்குத் தராசு பிடிக்கத் தெரியுமா? எங்கள் தாத்தாவின் கடை எட்டு மாதத்தில் முடிந்தது. அட்டையில் எழுதியிருந்த திருச்சிப் பக்கத்து மூதாதையர் ஊரில் எங்களை அறிந்தவர் எவருமில்லை. பிறகு செங்கல் சூளை, கல்குவாரி என்று நகர்ந்து ஒரகடம் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அக்கரையில் 'இந்தியாக்காரன்' என்றும் 'கள்ளத்தோணி' என்றும் ஏசப்பட்டவர்கள், இக்கரையில் 'சிலோன்காரர்' ஆனார்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எங்களுக்கு இரண்டு கரையும் ஒரே நிறந்தான்.

1983க்குப் பின் வந்தவர்களின் நிலை இன்னும் கடினம். அவர்கள் ஒப்பந்தத்தில் வராதவர்கள், ஏதிலிகள். இன்றும் தமிழக முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். அவர்களுள் இந்திய வம்சாவளியான மலையகத்தாரும் உண்டு. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இத்தகையோரின் குடியுரிமை மனுக்களைப் பரிவோடு நோக்குமாறு அறிவுறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலோ இலங்கையின் பெயர் இல்லை. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது. பெயர் மாறியது நன்றே. நிலை மாறுவது அதனினும் நன்று.

இரு நாடுகளின் உறவு எளிதானதன்று என்பதை ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களாகிய நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987 ஜூலை 29இல் இலங்கையோடு ஒப்பந்தம் செய்த ராஜீவ் காந்தி, 1991 மே 21இல் நம் ஊர்த் திடலில் கொல்லப்பட்டார். அன்று அவரோடு மாண்டவர்களும் பலர். அந்த நினைவிடத்தைக் கடந்துதான் நம்மில் பலர் கல்லூரிக்கு வருகிறோம். வட அயர்லாந்திலும் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் குண்டு வெடித்தது; 3,500 பேர் வரை மாண்டனர். ஆனால் 1998 ஏப்ரல் 10ஆம் நாள் ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கையில் ஒரு வாசகத்தை இரு அரசுகளும் ஏற்றுக்கொண்டன. வட அயர்லாந்து மக்கள் தம்மை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ கொள்ளலாம்; அது அவர்களின் பிறப்புரிமை என்பதே அதன் பொருள். அப்பாயியிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்து, "ரெண்டுமே நாமதான்னு சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். "சொல்லலாம் அப்பாயி." "எங்கள யாரும் அப்பிடிக் கேக்கலியேடா ராசா" என்றார்.

நான் இவ்வளவு படித்தும் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். நாடுகளுக்கு எல்லை வேண்டும், சட்டம் வேண்டும், கணக்கும் வேண்டும். ஆனால் ஒரு மனிதன் எந்த நாட்டான் என்பதை முடிவு செய்யுமுன் அவனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். போரிட்ட இரு நாடுகள் கடைசியில் கேட்டன. நட்பு நாடுகள் இரண்டு கேட்க மறந்தன.

நம் ஊர் லயம்

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்ளவும் நேர்ந்தது. என் தந்தையார் குருவி சேர்ப்பதுபோல் சேர்த்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகளை வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு இளைஞர்கள் அவற்றில் குடியிருக்கிறார்கள். அந்த வரிசைக்கு அப்பாயி வைத்திருக்கும் பெயர் 'லயம்'. விடியலில் சங்கு ஊதியதும் அவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஓடுவதைப் பார்த்து, "பெரட்டுக்குப் போறாங்க" என்பார்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவர்களோடு எனக்கு வாய்த்தகராறு. கோபத்தில், "எங்கிருந்தோ வந்த பயல்கள், உங்க ஊருக்கே போங்கடா" என்றேன். மொழி புரியாமல் அவர்கள் நின்றார்கள். அப்பாயிக்குப் புரிந்தது. அன்றிரவு அவர் எனக்குச் சோறு போட்டார், பேசவில்லை. மறுநாள் காலை அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பழைய அட்டையை என் கையில் கொடுத்து, "இத வாசி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வாசித்தேன். பிறகு குழாயடிக்குப் போய் ஒடிசாக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஊர்?" என்றும் கேட்டேன், இம்முறை உபசாரமாக. அவர் தம் ஊர்ப் பெயரை இருமுறை சொன்னார். அதைத் திருத்தமாகச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன்.

தோழர்களே, நம்மில் பலர் நாளை அலுவலகங்களில் அமர்வோம், சான்றிதழ்களில் கையொப்பமிடுவோம். மேசைக்கு எதிரே யாரோ ஒரு மாணவன் பழுப்பேறிய அட்டையோடு வந்து நிற்பான். அவனை உட்காரச் சொல்லி, அவன் கதையைக் கேட்டபின் நாம் பேனாவைத் திறப்போமாக.